ஓட்டமும் அழுத்தமும் மாறும்போது ஒரு திரவத்தில் இன்னொன்றை அளந்து சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திரவத்தில் இன்னொரு திரவத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்க்கும் வேலை குடிநீருக்குக் குளோரின் இடுவதிலும், பாசன நீரில் உரக்கரைசல் கலப்பதிலும், தீயணைப்பு நுரை தயாரிப்பதிலும், சாறுகளும் பாகுகளும் கலக்கும் ஆலைகளிலும் அன்றாடம் நடக்கிறது. இந்தப் பக்கத்தில் குழாயில் ஓடுவதைப் பிரதான ஓட்டம் என்றும், சேர்க்கப்படுவதைச் சேர்ப்புத் திரவம் என்றும் குறிப்பிடுகிறேன்.

ஒரு பம்பை வைத்து அளவாக விட்டுவிட்டால் போதாதா?

பிரதான ஓட்டம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் போதும். ஓட்டம் மாறுகிற இடத்தில் நாம் காக்க வேண்டியது மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற அளவை அல்ல, இரண்டு ஓட்டங்களுக்கும் இடையிலான விகிதத்தை. மணிக்கு 10 கன மீட்டர் ஓடும்போது சரியாக இருக்குமாறு அமைத்த பம்பு, ஓட்டம் 2.5 கன மீட்டராகக் குறைந்த பிறகும் அதே வேகத்தில் இயங்கினால், கலவையின் செறிவு நான்கு மடங்காகிவிடும்; ஓட்டம் நின்றுவிட்டால் குழாயில் தேங்குவது ஏறக்குறைய சேர்ப்புத் திரவம் மட்டுமே. சராசரி ஓட்டத்தைக் கணக்கில் எடுத்துக் கருவி வாங்குவதுதான் இந்தத் துறையில் நான் மிகுதியாகக் காணும் பிழை. கருவியைச் சோதிப்பவை இரண்டு நிலைகள்: ஓட்டம் மிகக் குறைந்திருக்கும் நேரம், எதிரழுத்தம், அதாவது சேர்க்கும் இடத்தில் குழாய் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம், மிக உயர்ந்திருக்கும் நேரம். அந்த இரண்டையும் தாங்குவது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சராசரி நிலை தானாகவே சரியாகிவிடும்.

அழுத்தம் மாறினால் சேரும் அளவு ஏன் மாறுகிறது?

ஒரு துளை வழியாகவோ பாதி திறந்த வால்வு வழியாகவோ திரவத்தை ஓட்டுவது, அதன் இரு பக்கங்களிலும் உள்ள அழுத்தங்களின் வேறுபாடு. நீர் போன்ற மெல்லிய திரவங்களில் ஓட்டம் அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. அழுத்த வேறுபாட்டை நான்கு மடங்காக்கினால் ஓட்டம் இரண்டு மடங்குதான் கூடும்.

சேர்ப்புத் திரவம் 3 பார் (பார் என்பது அழுத்த அலகு; ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் ஒரு தொட்டியில் இருக்கிறது, பிரதான குழாயில் 2 பார் இருக்கிறது, இடையில் ஊசி வால்வு ஒன்றைத் திருகிச் சரியான அளவுக்கு வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இப்போது வேறுபாடு 1 பார். பிரதான குழாயின் அழுத்தம் 1 பாராக இறங்கினால் வேறுபாடு 2 பாராகி, வால்வைத் தொடாமலேயே சேர்ப்பு 1.41 மடங்காகிவிடும். அது 3 பாராக ஏறினால் சேர்ப்பு முற்றிலும் நின்றுவிடும்; அதற்கும் மேலே போனால் பிரதான திரவம் சேர்ப்புத் தொட்டிக்குள் பின்னோக்கிப் புகும். குழாயின் அழுத்தமானி காட்டும் எண் தனியாக எதையும் சொல்வதில்லை. அளக்கும் துளையின் இரு பக்கங்களிலும் என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டால் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வென்சுரி இன்ஜெக்டர் தானாகவே விகிதத்தைக் காக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியும் அழகானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வென்சுரி இன்ஜெக்டர் என்பது நடுவில் குறுகி, அந்தக் குறுகிய கழுத்தில் சேர்ப்புத் திரவத்தை உறிஞ்சும் துளையுள்ள குழாய்த் துண்டு. குழாய் ஓரிடத்தில் குறுகும்போது திரவம் அங்கே விரைவாக ஓடுகிறது, அதன் அழுத்தம் குறைகிறது. இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவான்னி பத்திஸ்தா வென்சுரி இதை ஆராய்ந்து 1797-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷெல் 1880-களில் அதே தத்துவத்தைக் கொண்டு நீரளக்கும் கருவி செய்து அதற்கு வென்சுரியின் பெயரை வைத்தார். குறுகிய கழுத்தில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி, பிரதான ஓட்டத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது. அந்த வீழ்ச்சியால் உறிஞ்சப்படும் சேர்ப்புத் திரவமோ, வீழ்ச்சியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. இருமடியும் வர்க்கமூலமும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், சேர்ப்பு பிரதான ஓட்டத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. மின்சாரமும் இல்லை, அசையும் பாகமும் இல்லை. விகிதம் தானாகவே நிற்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு, கழுத்தின் வீழ்ச்சி முழுவதும் சேர்ப்புத் திரவத்தை ஓட்டப் பயன்படுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. திறந்த தொட்டியிலிருந்து உறிஞ்சும் அமைப்பில் அது நடப்பதில்லை. பிரதான குழாயின் அழுத்தம் வளிமண்டலத்தைவிட 3 பார் கூடுதலாக இருந்தால், கழுத்தில் அந்த 3 பாரும் கரைந்து வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே இறங்கிய பிறகே உறிஞ்சுதல் தொடங்கும். நீருக்கு 3 பார் வீழ்ச்சி வேண்டுமென்றால் கழுத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 24.5 மீட்டர் வேகம் தேவை. நுழைவழுத்தம் அப்படியே இருக்க ஓட்டம் பாதியானால் வீழ்ச்சி 0.75 பார் மட்டுமே. கழுத்தில் இன்னும் 2.25 பார் மீதமிருக்கும். சேர்ப்பு பாதியாகக் குறைவதற்குப் பதிலாக அடியோடு நின்றுவிடும். ஒருவழி வால்வு கசிந்தால் நீர் தொட்டிக்குள் போகும்.

வெளியேறும் பக்கத்தின் அழுத்தம் உயர்ந்தாலும் இதே கதிதான். மறுபுறம், கழுத்தின் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்துக்கு (திரவம் கொதித்து ஆவியாகத் தொடங்கும் அழுத்தத்துக்கு) இறங்கிவிட்டால் அதற்கு மேல் உறிஞ்சும் திறன் கூடாது. குமிழிகள் தோன்றி வெடித்துக் கழுத்தை அரிக்கத் தொடங்கும். ஆகவே வென்சுரியைப் பிரதான குழாயில் நேரடியாக வைப்பதைவிட, ஒரு சிறிய துணைப் பம்புடன் பக்கவழிக் குழாயில் வைப்பது பல இடங்களில் சிறந்தது. ஆனால் அப்போது அது நிலையான அளவில் உறிஞ்சும் கருவியாகிவிடுகிறது. விகிதத்தைக் காக்கும் பொறுப்பை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

குழாய் அழுத்தத்தின் தாக்கத்தை முற்றிலும் நீக்கிவிட வழி உண்டா?

உண்டு. சேர்ப்புத் திரவத்தையும் அதே குழாய் அழுத்தத்துக்கு உட்படுத்திவிடுவதே அந்த வழி. தீயணைப்பு நுரைக்கான பைத்தொட்டிகள் இப்படித்தான் இயங்குகின்றன. எஃகுத் தொட்டிக்குள் ரப்பர் பை ஒன்று இருக்கும். பைக்குள் நுரைக் கரைசல், பையைச் சுற்றிக் குழாயிலிருந்து வரும் நீர். கழுத்துக்கு முன்னால் குழாயில் எந்த அழுத்தம் இருக்கிறதோ அதே அழுத்தம் பைக்குள் இருக்கும் திரவத்துக்கும் கிடைக்கிறது. குழாய் அழுத்தம் 4 பாரிலிருந்து 8 பாருக்குப் போனாலும் அது இரு பக்கங்களிலும் சமமாக ஏறி நீங்கிவிடுவதால், சேர்ப்பை ஓட்டுவது கழுத்தின் வீழ்ச்சி மட்டுமே. மேலே சொன்ன இருமடி, வர்க்கமூலக் கணக்கு இங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது. எத்தனை முனைகள் திறக்கப்படும் என்று முன்கூட்டியே தெரியாத தீயணைப்பில் 3 சதவீதம், 6 சதவீதம் போன்ற விகிதங்களை இந்த அமைப்பு காப்பது இதனால்தான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. முழு ஓட்டத்தில் கழுத்தின் வீழ்ச்சி 0.5 பார் என்றால், பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் அது நூறில் ஒரு பங்காக, அதாவது 0.005 பாராக இருக்கும். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீர்மட்ட உயரம். தொட்டி சற்று உயரமாக இருப்பதும், இணைப்புக் குழாயின் உராய்வும், ஒருவழி வால்வைத் திறக்கத் தேவைப்படும் சிறு அழுத்தமும் அந்த 5 சென்டிமீட்டரை எளிதாக விழுங்கிவிடும். இத்தகைய எந்தக் கருவிக்கும் அது நம்பத்தக்கதாக இயங்கும் மிகக் குறைந்த ஓட்டம் என்ன என்பதை வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டோசிங் பம்புக்கு, அதாவது அளந்து செலுத்தும் பம்புக்கு, அழுத்த மாற்றம் ஒரு பொருட்டே இல்லையா?

நெகிழும் சவ்வால் தள்ளும் டயஃப்ரம் பம்பும் பிஸ்டன் பம்பும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் (ஒவ்வொரு முறை தள்ளும்போதும்) குறிப்பிட்ட கனஅளவை வெளியேற்றுகின்றன. ஆகவே துளையையும் வால்வையும்விட அவை அழுத்தத்துக்கு மிகக் குறைவாகவே வளைந்துகொடுக்கின்றன. ஆனாலும் டயஃப்ரம் சற்றே உப்பும், வால்வின் பந்து மூடுவதற்குள் சிறிதளவு பின்னோக்கிக் கசியும். எதிரழுத்தம் ஏற ஏற வெளியேற்றம் சிறிது குறையும். பற்சக்கரங்களால் தள்ளும் கியர் பம்பில் பற்களின் ஓரமாக நழுவும் அளவும் இப்படியே கூடும். திரவம் கெட்டியாக இருந்தால் நழுவல் குறைவு.

பலர் எதிர்பாராத சிக்கல், அழுத்தம் குறையும்போது வருகிறது. தொட்டி உயரத்திலும் குழாய் தாழ்விலும் இருந்தாலோ, பம்பு நின்றிருக்கும்போது குழாயில் வெற்றிடம் ஏற்பட்டாலோ, சேர்ப்புத் திரவம் பம்பின் வழியாகத் தானாகவே ஓடும். பம்பின் இரண்டு வால்வுகளும் அந்தத் திசையில் திறக்கும்படியே அமைந்திருப்பதால் அவை தடுக்காது. வெளியேறும் பக்கத்தில் சுருள்வில் பொருத்திய பின்னழுத்த வால்வு ஒன்றை வைத்து, குழாய் அழுத்தம் எப்படியிருந்தாலும் பம்பு எப்போதும் ஒரு குறைந்தபட்ச எதிரழுத்தத்துக்கு எதிராகவே தள்ளுமாறு செய்வது இதற்குத் தீர்வு. குழாய் அழுத்தம் அந்த அளவுக்குக் கீழேயே ஏறி இறங்குமானால், பம்பு உணரும் அழுத்தம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் என்பது கூடுதல் நன்மை. இந்தச் சிறிய வால்வைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

ஓட்டம் மாறும்போது பம்பு எப்படிப் பின்தொடர்கிறது?

பிரதான குழாயில் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வைத்து, குறிப்பிட்ட அளவு திரவம் கடக்கும்போதெல்லாம் அது தரும் பல்ஸுகளை (மின்துடிப்புகளை) கொண்டு பம்பின் ஸ்ட்ரோக்குகளை இயக்குவது பொதுவான முறை. கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் தேவை. மணிக்கு 10 கன மீட்டர் ஓட்டத்துக்கு அது 20 கிராம். கையிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் லிட்டருக்கு 125 கிராம் குளோரின் இருக்கிறது என்றால், மணிக்கு 160 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். பம்பின் ஒரு ஸ்ட்ரோக் 0.2 மில்லிலிட்டர் என்றால் மணிக்கு 800 ஸ்ட்ரோக். வேறு சொற்களில், ஒவ்வொரு 12.5 லிட்டர் நீருக்கும் ஒரு ஸ்ட்ரோக். ஓட்டம் 2.5 கன மீட்டராகக் குறைந்தாலும் இந்த 12.5 லிட்டர் என்ற எண் மாறுவதில்லை. மணிக்கு 200 ஸ்ட்ரோக் என்று பம்பு தானாக மெதுவாகிவிடும்.

ஃப்ளோ மீட்டர் எவ்வளவு நேர்மையாக அளக்கிறதோ அவ்வளவுதான் சேர்ப்பும் நேர்மையாக இருக்கும். சுழலி வகை மீட்டர்கள் தம் எல்லைக்குக் கீழே ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும், அல்லது நின்றே போகும். மின்காந்த மீட்டருக்குத் திரவம் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். எண்ணெய் வகைகளை அதனால் அளக்க முடியாது. 100 லிட்டருக்கு ஒரு பல்ஸ் தரும் மீட்டரை மேலே சொன்ன பம்போடு இணைத்தால், மணிக்கு 0.5 கன மீட்டர் ஓட்டத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு முறைதான் செய்தி வரும். ஒரு ஸ்ட்ரோக்குக்கு உரிய நீரளவைவிடச் சிறிய அளவுக்கு ஒரு பல்ஸ் தரும் மீட்டரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சராசரி சரியாக இருக்கிறது, ஆனால் மாதிரிக்கு மாதிரி செறிவு மாறுகிறது. ஏன்?

ஸ்ட்ரோக்குகள் விட்டுவிட்டு வருவதால். மேற்படி எடுத்துக்காட்டில் 12.5 லிட்டருக்கு ஒரு முறை 0.2 மில்லிலிட்டர் விழுகிறது. 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 12.5 லிட்டர் என்பது ஏறத்தாழ 6.4 மீட்டர் நீளம். அதாவது 6.4 மீட்டருக்கு ஒரு செறிந்த திட்டு, நடுவில் வெறும் நீர். நிலைக்கலப்பான் எனப்படும் அசையாத கலப்பான் குழாயின் குறுக்கே நன்றாகக் கலக்கும். நீளவாட்டில் இத்தனை தொலைவை அதனால் நிரவ முடியாது. கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துப் பயன்படுத்தினால் 1.25 லிட்டருக்கு ஒரு ஸ்ட்ரோக் என்றாகித் திட்டுகளின் இடைவெளி 0.64 மீட்டராகக் குறையும். ஆனால் ஹைப்போகுளோரைட்டை நீர்க்கக் கடினநீரைப் பயன்படுத்தினால் அதன் காரத்தன்மையால் கால்சியம் கார்பனேட் படிந்து வால்வுகளை அடைக்கும், மென்னீர் வேண்டும். குழாய்க்குப் பின்னால் நல்ல கொள்ளளவுள்ள தொட்டி இருந்தால் திட்டுகள் அங்கே கலந்துவிடும். இவை எதுவும் தேவையில்லை.

பம்பு இயங்குகிறது, சத்தமும் கேட்கிறது, ஆனால் எதுவும் சேரவில்லை. ஏன்?

முதலில் பம்பின் தலைப்பகுதியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். 0.2 மில்லிலிட்டர் ஸ்ட்ரோக் உள்ள பம்பில் வளிமண்டல அழுத்தத்தில் 0.2 மில்லிலிட்டர் குமிழி ஒன்று சிக்கியிருக்கிறது, எதிரழுத்தம் வெற்றிடத்திலிருந்து கணக்கிட்டால் 5 பார் என்று வைத்துக்கொள்வோம். வெளி வால்வு திறப்பதற்குள் குமிழி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். அதற்கே ஸ்ட்ரோக்கின் 0.16 மில்லிலிட்டர் போய்விடும், வெளியேறுவது 0.04 மட்டுமே. குமிழி 0.25 மில்லிலிட்டராக இருந்தால் வெளியேறுவது ஏதுமில்லை. அடுத்த உறிஞ்சலில் அது மீண்டும் விரிந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹைப்போகுளோரைட் தானாகச் சிதைந்து வாயுவை வெளியிடும் இயல்புடையது என்பதால், வெயிலில் வைத்த தொட்டியும் நீளமான உறிஞ்சு குழாயும் இந்தத் தொல்லையை வளர்க்கும். தொட்டியை நிழலில், பம்பின் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, உறிஞ்சு குழாயைக் குட்டையாக்கி, வாயுவைத் தானாக வெளியேற்றும் தலைப்பகுதியுள்ள பம்பைப் பயன்படுத்தலாம்.

கெட்டியான திரவங்களுக்கு இவையெல்லாம் பொருந்துமா?

வர்க்கமூல விதி பொருந்தாது. பாகுத்தன்மை மிகுந்த திரவம் குறுகிய வழியில் சீரான அடுக்குகளாக ஓடும்போது, ஓட்டம் அழுத்த வேறுபாட்டுக்கே நேர்விகிதத்தில் இருக்கும். பாகுத்தன்மை கூடினால் அதே விகிதத்தில் குறையும். அப்போது வென்சுரியில் சேர்ப்பு பிரதான ஓட்டத்தின் இருமடியைப் பின்பற்றும். குறைந்த ஓட்டத்தில் கலவை நீர்த்தும், மிகுந்த ஓட்டத்தில் செறிந்தும் போகும். வெப்பநிலை இதை இன்னும் கலைக்கிறது. கிளிசரினின் பாகுத்தன்மை 20 பாகை செல்சியஸில் நீரைப்போல் ஏறத்தாழ 1400 மடங்கு. 30 பாகையில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் சரிசெய்த வால்வு மதியத்தில் இருமடங்கு விடும் என்பது இதன் பொருள். இத்தகைய திரவங்களுக்கு கியர் பம்பு போன்ற கனஅளவுப் பம்புகளே உரியவை. உறிஞ்சு குழாயை அகலமாக வைக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத இடத்தில்?

நீரோட்டத்தாலேயே இயங்கும் விகிதப் பம்புகள் உண்டு. நீர் ஒரு பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்த, அதனோடு இணைந்த சிறிய பிஸ்டன் சேர்ப்புத் திரவத்தை உறிஞ்சிச் செலுத்தும். கனஅளவோடு கனஅளவு பிணைக்கப்பட்டிருப்பதால் ஓட்டமும் அழுத்தமும் மாறினாலும் விகிதம் நிற்கும். குழாய் அழுத்தத்தில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும். மிகக் குறைந்த ஓட்டத்தில் நீர் பிஸ்டனை நகர்த்தாமல் ஓரமாகக் கசிந்துவிடும்.

கலவையின் செறிவையே அளந்து பம்பைக் கட்டுப்படுத்தினால் மற்றவை தேவையில்லைதானே?

செறிவு உணரி மட்டும் போதாது. உணரி, சேர்க்கும் இடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால், மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு 10 கன மீட்டர் என்ற முழு ஓட்டத்தின்போது மாற்றத்தை அறிய 14 வினாடி ஆகும். கால்பங்கு ஓட்டத்தில் 56 வினாடி ஆகும். 14 வினாடிக்கு ஏற்பச் சரிசெய்த கன்ட்ரோலர், 56 வினாடித் தாமதத்தில் பொறுமையின்றி மேலும் மேலும் சேர்த்து, பிறகு ஒரேயடியாகக் குறைத்து, அலைபாய்ந்துகொண்டே இருக்கும். ஓட்டத்தை அளந்து முதலிலேயே விகிதப்படி சேர்ப்பதும், உணரியைக் கொண்டு அந்த விகிதத்தை மட்டும் மெதுவாகத் திருத்துவதும்தான் சரியான வேலைப்பிரிவு.

ஓட்டம் திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

பம்பு உடனே நின்றாக வேண்டும். அதுவும், பிரதான பம்பின் மோட்டார் ஓடுகிறதா என்பதை வைத்தல்ல, குழாயில் உண்மையில் திரவம் ஓடுகிறதா என்பதை வைத்து. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் வால்வு மூடியிருக்கலாம். ஒரே குழாயில் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் தனித்தனியே சேர்க்கப்படும் அமைப்பில் இது உயிர் சார்ந்த விஷயம்: ஓட்டம் நின்ற குழாயில் இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு உருவாகும். இரண்டு சேர்க்கும் இடங்களும் ஒன்றையொன்று விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஓட்டத்தை உணரும் சுவிட்ச் இரண்டு பம்புகளின் மின்னிணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வெளியேறும் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்து அளக்காதீர்கள். எதிரழுத்தமே இல்லாத நிலையில் கிடைக்கும் அந்த எண் வேலைநிலைக்குப் பொருந்தாது. உறிஞ்சு பக்கத்தில் அளவுக்கோடுகள் உள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, தொட்டியின் வால்வை மூடி, குழாயில் வழக்கமான அழுத்தம் இருக்கும்போதே பம்பு அதிலிருந்து உறிஞ்சுமாறு செய்து, 100 ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அழுத்தம் உயர்ந்த நேரத்தில் ஒரு முறையும் தாழ்ந்த நேரத்தில் ஒரு முறையும் அளப்பது அவசியம். இதனுடன் தொட்டியின் மட்டம் ஒரு நாளில் எவ்வளவு இறங்கியது, பிரதான மீட்டர் எவ்வளவு ஓடியது என்று இரண்டையும் குறித்து வகுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாய்ச் சோதனையில் பம்பு சரியாக இருந்தும் நாள் கணக்கு பொருந்தவில்லை என்றால், பிழை பம்பு நின்றிருந்த நேரத்தில் நிகழ்ந்திருக்கிறது: தொட்டி மட்டம் கூடுதலாக இறங்கியிருந்தால் தானாக ஓடியிருக்கிறது, மட்டம் ஏறியிருந்தால் குழாயின் திரவம் ஒருவழி வால்வைத் தாண்டித் தொட்டிக்குள் வந்திருக்கிறது.